ஏரிக்கரையில் ஓடிய பச்சைக் கோடு

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில் பீமாராவின் வரைபட அலுவலகம் இருக்கிறது. வீடு கட்டுவோருக்கு மனைப்படம் வரைந்து கொடுப்பது அவருடைய தொழில். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவர், நாற்பதைக் கடந்தவர். அவர் வரையும் வீடுகளுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. வீடு எத்தனை சிறியதானாலும் பின்புறம் ஒரு கதவு இருக்கும்.

"திருடனுக்கு வசதி பண்ணிக் குடுக்கறியா, பீமு?" என்று கேட்பவர்கள் உண்டு.

"முன்னாடி நெருப்புப் புடிச்சா, அந்தத் திருடன் வழியில நீங்க ஓடலாம்" என்பார்.

ஆபத்தை முன்கூட்டியே எண்ணி வழி வைக்கும் இந்தக் குணம் அவருக்குப் பிறந்த ஊரிலிருந்து வந்தது. அவ்வூரின் பெயர் கல்திட்டு. தெற்கே சங்கராபரணி ஆறு, வடக்கே ஏரி, ஏரியின் உபரிநீர்க் கால்வாய் மேற்கே வளைந்து சென்று ஆற்றில் சேர்கிறது, கிழக்கே தாழ்ந்த நெல்வயல். ஏரி நிரம்பி வழிவதைக் 'கோடி போவுது' என்பது அப்பகுதி வழக்கு. கோடியும் போய் ஆறும் பெருகிவிட்டால், கடலிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் அந்தச் சிற்றூர் சில நாள்களுக்குத் தீவாகிவிடும். ஊர் நடுவே ஒரு பாறைமேடு. பள்ளிக்கூடம், திரௌபதை அம்மன் கோயில், கோயில் தெரு ஆகியவை அம்மேட்டில் உள்ளன. கிழக்குத் தாழ்வில், வயலை ஒட்டிக் காலனி உள்ளது. பீமாராவ் காலனியில் பிறந்தவர். இன்றும் அங்கேதான் மனைவி மோனிகாவுடன் வசிக்கிறார்.

காலனியிலிருந்து பள்ளிக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. கோயில் தெரு வழியாக நேரே மேடேறி முன்வாயிலை அடைவது ஒன்று. வடக்கே சென்று ஏரிக்கரை மீதேறி, கரையோடு சுற்றி வந்து, பின்கேட்டில் நுழைவது மற்றொன்று. காலனியார் தலைமுறை தலைமுறையாக இரண்டாவது வழியில் போய் வந்தவர்கள். அப்படிப் போகவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று கோயில் தெருவில் நடக்கக்கூடாது என்று எவரும் சொல்வதில்லை. பிள்ளைகள் மிதிவண்டியில் அத்தெருவைக் கடந்து போகிறார்கள். ஆயினும் பெரியவர்கள் வாக்களிக்கப் போனாலும், பிள்ளையின் சான்றிதழ் வாங்கப் போனாலும், அவர்களுடைய கால்கள் தாமாகவே ஏரிக்கரைப் பக்கம் திரும்பிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் விழுப்புரத்தில் பேரிடர்த் தன்னார்வலர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. கல்திட்டு ஊராட்சியின் சார்பில் பீமாராவ் அனுப்பப்பட்டார். அங்கே கொடுக்கப்பட்ட கையேடு கடல்சூழ்ந்த தீவுகளில் வாழும் மக்களை எவ்வாறு பாதுகாப்பாக வெளியேற்றுவது என்பதைப் பற்றியது. வேறு கையேடு அச்சாகி வரவில்லையாம்.

"செஞ்சிக்கு எங்கய்யா கடலு? கோட்டை அகழியில கப்பல் வுடப் போறாங்களா?" என்று செஞ்சியை அடுத்த அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்க, வகுப்பே சிரித்தது. பீமாராவ் சிரிக்கவில்லை. அந்தக் கையேட்டில் இருந்த ஒவ்வொரு வரியும் தம் ஊருக்காகவே எழுதப்பட்டது போல் அவருக்குத் தோன்றியது. படகு வருமென்று காத்திருக்காமல் முதலில் தீவுக்குள்ளேயே மேட்டுக்குச் செல்லுங்கள். மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுங்கள். நீரைத் தாங்கி நிற்கும் கரைகளின் மேல் கூட்டமாகச் செல்லாதீர்கள். இந்த மூன்றாவது விதியின் கீழ் அவரே சிவப்பு மையால் கோடிட்டார்.

ஊர் திரும்பியதும் கல்திட்டுக்கு ஒரு வெளியேற்றப் படம் வரைந்தார். ஒவ்வொரு வீட்டையும், கிணற்றையும், தாழ்ந்து தொங்கும் மின்கம்பியையும் குறித்தார். ஊர்த்தெருக்களில் வசிப்போர் கோயில் தெரு வழியே பள்ளிக்குச் செல்லும் வழியை நீலத்தில் வரைந்தார். காலனியார் செல்லும் வழியைப் பச்சையில் வரைந்தார். பச்சைக் கோடு காலனியிலிருந்து வடக்கே சென்று, ஏரிக்கரையில் ஏறி, கரையோடு ஓடி, பின்கேட்டில் முடிந்தது.

ஊராட்சி மன்றத்தில் படத்தை விரித்துக் காட்டியபோது, ஒரே ஊருக்கு ஏன் இரண்டு நிறம் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. ஊர்த்தெருக்காரர்களுக்கும் கேள்வி எழவில்லை, காலனியாருக்கும் எழவில்லை. படம் பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டது.

பிறகு அந்தக் கார்த்திகைப் புயல் வந்தது. இரவெல்லாம் கொட்டிய மழையில் ஏரி கோடி போயிற்று. விடியற்காலையில் வயல் நீர் காலனிக்குள் புகுந்தது. பீமாராவ் வீடுவீடாகக் கதவைத் தட்டினார். மக்கள் பதறவில்லை, வழி தெரிந்தவர்களாக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும் ஆடுகளைப் பிடித்துக்கொண்டும் பச்சைக் கோட்டின்படியே கரையேறி நடந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் கடந்துவிட்ட பிறகு, பள்ளிக்கு அருகில் கரையின் உட்சரிவு ஊறிப்போய்ச் சரிந்தது. அந்த இடத்தில் அப்போது நடந்துகொண்டிருந்தவர் பூவாயி. கரையில் அடுக்கியிருந்த கற்களோடு அவரும் சரிந்தார். இழுத்துக் கரையேற்றிவிட்டார்கள், உயிர் தப்பிற்று. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது.

பூவாயி பீமாராவின் பக்கத்து வீட்டுக்காரர், கணவனை இழந்து தனியாக வாழ்பவர், ஐம்பதைத் தாண்டியவர். பீமாராவ் அவரை 'அத்த' என்று அழைப்பார். நடவுக்கும் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பறிக்கவும் சிங்கவரம் வரையில் ஆள் கூட்டிப் போகும் கொத்துக்காரம்மா அவர். சேற்றில் அவர் இறங்கினால் மற்றவர்கள் பின்தங்கிவிடுவார்கள். இப்போது இரும்புப் பட்டை வைத்த கனத்த காலணியும் கைத்தடியும் இல்லாமல் அவரால் எழுந்து நிற்க இயலாது. மேடான கரையில் ஏறுவது அறவே முடியாது.

புயல் ஓய்ந்த பின், உயிர்ச்சேதம் இன்றி ஊரைக் காத்தவர் என்று பீமாராவின் பெயர் எங்கும் பேசப்பட்டது. பேருந்தில் இடம் கொடுத்தார்கள். தேநீர்க் கடையில் காசு வாங்க மறுத்தார்கள். பாராட்டைக் கேட்கும்தோறும் அவர் குறுகிப்போனார். சிவப்பு மையில் கோடிட்ட விதி அவருக்கு நினைவிருந்தது. ஏரிக்கரை ஆபத்தானது என்று அறிந்தே அவ்வழியில் தம் மக்களை அனுப்பினார். ஏன் என்ற கேள்விக்கு முதலில் ஒரு பதிலைத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அவருடைய தந்தை பொன்னுசாமி அந்த ஏரியின் நீர்க்கட்டியாக இருந்தவர். மதகு திறப்பதும், மழைக்காலத்தில் கரையைச் சுற்றிக் காவல் காப்பதும் அவர் பணி. அந்தக் கரை நைனாவின் கரை. அதை நம்பியதில் தவறென்ன?

இந்தப் பதில் சில மாதங்கள் கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் அலுவலகத்தில் கணினித் திரையில் பழைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதை வரைந்தபோது என்ன நினைத்தோம் என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தார். கோயில் தெருவில் காலனி ஆண்களும் பெண்களும் ஆடுகளும் மூட்டைகளும் மொத்தமாக நுழையும் காட்சியை அவர் ஒரு கணம் நினைத்ததும், உடனே கையை வடக்கே திருப்பியதும் தெளிவாக நினைவுக்கு வந்தன. அவரை எவரும் தடுக்கவில்லை. தடுப்பார்களோ என்று எவரையும் அவர் கேட்டுப் பார்க்கவும் இல்லை.

அதன்பின் பூவாயியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதெல்லாம் அவர் பொறுப்பாயிற்று. ஒவ்வொரு முறையும் பூவாயி நன்றி சொல்வார். ஒவ்வொரு முறையும் அவர் தலை குனிவார்.

"நீ பெத்த புள்ள மாதிரி, பீமா. இந்தக் கால ஏரிக்குக் குடுத்துட்டேன். மிச்சத்த நீ பாத்துக்கற."

ஆடி மாதக் கடைசியில் வார்டு உறுப்பினர் தாண்டவராயன் அலுவலகத்துக்கு வந்தார். கோயில் தெருக்காரர், பீமாராவுடன் ஒரே வகுப்பில் படித்தவர். மாடியில் தனியாக இருக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிப் பேசிக்கொள்வார்கள். ஊருக்குள் வந்துவிட்டால் பீமாராவின் வாயில் 'மெம்பரே' என்றுதான் வரும்.

"இன்னா பீமு, சட்டை ஒண்ணு புதுசா எடுத்துக்கோ. சுதந்திர தின கிராம சபையில உனக்குச் சால்வை போடறோம்."

"சால்வைலாம் வேணாம் தாண்டவா. படத்த மாத்தணும். காலனிக்கும் கோயில் தெரு வழிதான் போடணும்."

"மாத்திக்கோயேன். உன் படம், உன் பேனா. எங்கிட்ட ஏன் கேக்கற?"

"முதல்ல ஏன் கரை மேல போட்டேன்னும் சபையில சொல்லணும்."

தாண்டவராயன் நாற்காலியைப் பீமாராவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அத எதுக்குச் சொல்ற? கரை வீக்கா இருக்குதுன்னு எழுதிட்டு மாத்து. வேலை முடிஞ்சுது. நீ சொல்ற மாதிரி சொன்னா, நாங்க என்னமோ வெரட்டி வுட்ட மாதிரி ஆயிடும். ஆவணியில தேர் இருக்குது. யாரு உன்ன வராதன்னு சொன்னது, சொல்லு?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் இன்னா?"

பீமாராவ் அஞ்சியது வேறொன்றை. ஏரிக்கரையில் அப்போது பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. புதுக்கல் பதித்து, மண் கொட்டி இறுக்கினார்கள். கரை பலவீனம் என்று காரணம் எழுதினால், கரை பலமானதும் அந்தக் காரணம் தீர்ந்துபோகும். 'இப்பத்தான் கல்லு கட்டிட்டாங்களே, நம்ம வழியிலயே போயிடலாம்' என்று காலனியில் இப்போதே பேச்சு எழுந்துவிட்டது. அடுத்த மழையில் எல்லோரும் மீண்டும் கரையேறுவார்கள். கரையேற முடியாத பூவாயி தண்ணீர் புகும் வீட்டில் தனியாக இருப்பார்.

"கரை நல்லாயிட்டாலும் எங்க ஆளுங்க தெருவுல வரணும், தாண்டவா. அதுக்கு நான் உள்ளத சொன்னாத்தான் ஆவும்."

"சொல்லு, சொல்லு. சால்வைய நான் எவனுக்குப் போடறது?" என்று எழுந்தார் தாண்டவராயன். படியிறங்கும்போது, "டீ சொன்னியே, அது கூட வரல" என்று முணுமுணுத்தது கேட்டது. அவர் கோபித்துக்கொண்டாரா, கேலி செய்தாரா என்று பீமாராவுக்கு விளங்கவில்லை.

சபையில் சொல்வதற்கு முன் சொல்லவேண்டிய இடம் ஒன்று இருந்தது. அன்று மாலையே பூவாயியின் வீட்டுக்குப் போனார். பூவாயி கால்மாட்டில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"வா பீமா. இரு, டீத்தண்ணி வைக்கறேன்."

"வேணாம் அத்த. நீ உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். கையேட்டில் இருந்த விதிகளைச் சொன்னார்; அவை தெரிந்திருந்தும் கரை மேல் வழி போட்டதைச் சொன்னார்; கோயில் தெருவை நினைத்துக் கை திரும்பியதையும் மறைக்காமல் சொன்னார். பூவாயி உரிப்பதை நிறுத்தவில்லை.

"இதுக்கா மொகத்த தொங்கப் போட்டுக்கினு திரிஞ்ச? நீ கோடு போடலன்னாலும் நான் கரை மேலதான் போயிருப்பேன். எங்கம்மா போன வழி."

அந்த ஆறுதல் பீமாராவை மேலும் வருத்தியது. "அது தெரிஞ்சிதான் அத்த நான் அப்பிடிப் போட்டேன்" என்றார்.

பூவாயியின் விரல்கள் நின்றன. கையிலிருந்த காயை உரிக்காமலே முறத்தில் போட்டார்.

"நான் போவேன். எனக்குக் கரை ஊறும், சரியும்னு தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"உன்ன எதுக்குப் படிக்க வச்சாரு எங்கண்ணன்?"

குரலை உயர்த்தவில்லை. பொன்னுசாமியை அவர் அண்ணன் என்று அழைப்பார். இறந்துபோனவரைப் பற்றி அதற்கு முன் ஒருமுறை கூட இப்படிக் கேட்டதில்லை. பிறகு முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு மீண்டும் உரிக்கத் தொடங்கினார். டீத்தண்ணி என்ற பேச்சு எழவில்லை. பீமாராவ் தம் வீட்டுக்குத் திரும்பினார்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் மோனிகா.

"கேக்க வேண்டியத கேட்டாங்க."

"கேட்டுட்டாங்க இல்ல, அப்ப போயி செய்ய வேண்டியத செய்யி. ஊட்டுல உக்காந்து சோத்த எனக்கு மிச்சம் வைக்காத."

கிராம சபை பள்ளி வளாகத்தில் வேப்பமரத்தடியில் கூடியது. தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன, தெருவிளக்குப் பற்றிச் சிறு சச்சரவும் நடந்தது. பீமாராவின் பெயரை அழைத்தபோது அவர் எழுந்து, நாற்காலியின் மேல் மடித்து வைத்திருந்த சால்வையைத் தொடாமல் பேசினார்.

"போன வெள்ளத்துல பூவாயி அத்தைக்குக் கால் போனதுக்குக் காரணம் ஏரிக்கரை இல்ல. என் படம். கரை மேல கும்பலா போவக் கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தாங்க. தெரிஞ்சும் அப்படிப் போட்டேன். கோயில் தெருவுல எங்க ஆளுங்கள வுடறதுக்கு எனக்கே மனசு வரல."

ஊர்த்தெருப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "யாருப்பா உங்கள வர வேணாம்னது?"

"யாரும் சொல்லல. அதனாலதான் தப்பு எம்மேலன்றேன்."

"அப்போ எங்க மேல இல்லன்ற. சரி, உக்காரு" என்றது அதே குரல். சிலர் சிரித்தார்கள்.

காலனிப் பக்கத்தில் பீமாராவின் உறவினர் ஒருவர் அவரது சட்டையைப் பிடித்து இழுத்தார். "போதும்ப்பா. நாளைக்கு நாங்க இங்கதான் நடவுக்கு வரணும். உனக்கு ஆபீஸ் இருக்குது, எங்களுக்கு இன்னா இருக்குது?"

பீமாராவ் சபையில் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மையின் விலையை அவரைவிட மற்றவர்கள் அதிகமாகக் கொடுக்க நேரலாம் என்பதும் உண்மை. நின்ற இடத்திலேயே நின்றார்.

தாண்டவராயன் எழுந்தார். பீமாராவைப் பார்க்கவில்லை. "ஒரே ஊரு, ஒரே வழி. கோயில் தெரு வழியா எல்லாரும் இஸ்கூலு முன்கேட்டுக்கு வரணும். தேர் முடிஞ்ச மறு வாரம் ஒத்திகை. எழுதிக்கோங்க" என்று ஊராட்சிச் செயலரிடம் சொல்லிவிட்டு அமர்ந்தார். மறுப்பவர் இல்லை, கைதட்டியவரும் இல்லை. சால்வை நாற்காலியிலேயே கிடந்தது.

ஒத்திகை நாள் காலையில் வானம் வெளுத்திருந்தது. காலனி மக்கள் வருவார்களா என்பதே பீமாராவுக்கு ஐயமாக இருந்தது. வந்தார்கள், எல்லோரும் அல்லர், பாதிக்கு மேல். பூவாயி கதவைப் பூட்டிவிட்டுக் கைத்தடியோடு வந்து நின்றார். அந்த மாலைக்குப் பின் அவர் பீமாராவிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை.

"அத்த, தூக்கிக்கினு போவறதுக்கு நாற்காலி வச்சிருக்கேன்."

"மெதுவா நடக்கறவ வேகத்துக்கு வழி போடணும்னு உன் புத்தகத்துல இருக்குதுன்னியே. நடந்து பாக்கறேன்."

கூட்டம் நகர்ந்தது. கோயில் தெருவின் தொடக்கத்தில் தேர்க் கொட்டகை இருக்கிறது. அங்கு வந்ததும் முன்னால் சென்றவர்கள் நின்றார்கள். எவரும் தடுக்கவில்லை. தெருவில் சிமெண்டுத் தரை. எதிரே செருப்போடுதான் ஊர்க்காரர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆயினும் வயதானவர்கள் குனிந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

பின்னால் வந்த பூவாயி அதைப் பார்த்தார். "இத கயட்டினா நான் வுழுந்துடுவேன்" என்று தம் இரும்புப் பட்டைக் காலணியைத் தடியால் தட்டிக் காட்டிவிட்டு, நிற்காமல் தெருவுக்குள் நுழைந்தார். பட்டை சிமெண்டில் பட்டு டொக் டொக் என்று ஒலித்தது. பீமாராவ் விரைந்து அவர் பக்கத்தில் வந்தார்.

"உன் கையில இன்னாடா அது?"

பீமாராவ் குனிந்து பார்த்தார். அவர் கையிலும் செருப்பு இருந்தது. எப்போது கழற்றினார் என்பது அவருக்கே தெரியவில்லை. கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார். அவரைப் பார்த்துச் சிலர் மாட்டினார்கள், சிலர் மாட்டவில்லை.

ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த குஞ்சம்மாள், தாண்டவராயனின் பெரியம்மா, செம்போடு நிமிர்ந்தார்.

"ஏரி கோடி போவுதா?"

"இல்லம்மா. ஒத்திகை" என்றார் பீமாராவ்.

"அதானே பாத்தேன். தண்ணி வராம இம்மாம் பேரு எதுக்கு வராங்கன்னு."

சொல்லிவிட்டு அவர் தெளிப்பதைத் தொடர்ந்தார். அதில் பகை இல்லை; அழைப்பும் இல்லை. தாண்டவராயன் தம் வீட்டு முன்னால் நின்று, வருபவர்களுக்குக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் சொல் அவர் காதிலும் விழுந்திருக்கவேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேட்டின் ஏற்றம் கடினமாக இல்லை. பூவாயி இடையில் எங்கும் உட்காரவில்லை. கோயிலைத் தாண்டி வளைந்ததும் பள்ளியின் முன்வாயில் வந்துவிட்டது. அவருக்கு மூச்சு வாங்குவதற்குள் வந்துவிட்டது. உள்ளே போட்டிருந்த பெஞ்சில் அமர்ந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தெருவின் மறுகோடியில் தேர்க் கொட்டகையும், அதற்கு அப்பால் காலனியின் தண்ணீர்த் தொட்டியும் அங்கிருந்தே தெரிந்தன. அந்தப் பள்ளிக்கு அவர் எத்தனையோ முறை வந்திருக்கிறார். முன்வாயில் வழியாக வந்தது அதுவே முதல் முறை.

பீமாராவ் அவர் எதிரே வந்து நின்றார். கால் வலிக்கிறதா என்று கேட்க வாயெடுத்தார்.

பூவாயி இன்னும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்மாந்தூரம்தானா, பீமா?" என்றார்.

பீமாராவ் முதலில் வரைந்த படத்திலேயே அந்தத் தூரம் அளவு பிசகாமல் குறிக்கப்பட்டிருந்தது.